புதிய விண்டோஸ் போடும் முன் அறிய வேண்டியவை



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகள் ஓடிய சிஸ்டம் அது. நம் வீடுகளிலும் கடைகளிலும் மஹல்லா அலுவலகங்களிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் பல இன்னும் அதில்தான் இயங்குகின்றன. 2020 ஜனவரியிலேயே காலம் முடிந்த விண்டோஸ் 7-ஐ வைத்து வேலையை ஓட்டுபவர்களும் நம்மிடையே உண்டு.

"நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?", "மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமா?", "தெரிந்த பையன் பென் டிரைவில் வைத்திருக்கிறான், போட்டுத் தருவான், போதாதா?" என்ற மூன்று கேள்விகளையும் பலரும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் பதில் இந்தப் பாடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிப்பு இல்லாதவர்களும் பொறுமையாகப் படித்தால் புரியும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எதற்கு மாற்ற வேண்டும்?

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளை ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறோம். நூல்களில் அதை இயங்குதளம் என்று எழுதுவார்கள். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட அந்த மென்பொருளில் ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். அவை தெரிய வரும்போது தயாரித்த நிறுவனம் அடைத்து அனுப்புகிறது. அதுதான் மாதந்தோறும் வரும் அப்டேட்.

ஆதரவு நின்ற பிறகு கம்ப்யூட்டர் நின்றுவிடாது. நேற்றுப் போலவே இன்றும் ஓடும். ஆனால் புதிதாகத் தெரிய வரும் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், எது அடைக்கப்பட்டது என்று பார்த்து, அதே ஓட்டை பழைய விண்டோஸில் திறந்து கிடக்கிறதா என்று தேடுபவர்கள் உண்டு. புதிய வீட்டுக்குப் போடும் பூட்டே பழைய வீட்டின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்குப் பெரிய உதாரணம் 2017-இல் நடந்தது. அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் பதிவுகளைத் திறக்க முடியாமல் சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களும், அப்டேட் வராத பழைய சிஸ்டம் வைத்திருந்தவர்களுமே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள்.

நம் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கல்வி உதவி கேட்டவர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல், பைத்துல்மாலில் உதவி பெறும் விதவைகளின் பெயர்ப் பட்டியல், கடையின் கடன் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அண்டை வீட்டுக்குக்கூடத் தெரியாமல் உதவி பெற்றவரின் விவரம் அது. நம்மை நம்பி அவர் கொடுத்த அமானிதம். காகிதமாக இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். கம்ப்யூட்டரில் இருப்பதற்கும் அதே பொறுப்பு உண்டு.

நம் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

எல்லாக் கம்ப்யூட்டரும் ஏற்காது. 64-பிட் பிராசஸர், குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், 'செக்யூர் பூட்' வசதி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். பிராசஸர் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலிலும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் அந்தப் பட்டியலில் வருகிறது. 2017-க்கு முன் வாங்கிய இயந்திரங்கள் அநேகமாகத் தேறாது.

இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற சிறிய இலவச மென்பொருளைப் போட்டால், ஏற்கும் அல்லது ஏற்காது என்று காரணத்தோடு சொல்லிவிடும்.

டி.பி.எம். இல்லை என்று அது சொன்னால் உடனே புதுக் கம்ப்யூட்டர் வாங்க ஓட வேண்டாம். பல இயந்திரங்களில் அந்த வசதி இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் இயந்திரத்தில் பி.டி.டி. என்ற பெயரிலும் ஏ.எம்.டி. இயந்திரத்தில் எஃப்-டி.பி.எம். என்ற பெயரிலும் அது இருக்கும். விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலையில் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். 32-பிட் விண்டோஸ் என்று இருந்தால், பிராசஸர் தகுதி உடையதாக இருந்தாலும் இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

முதல் வேலை பேக்கப்

அப்கிரேடு செய்யும்போது ஃபைல்கள் அப்படியே இருக்கும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் நடுவில் கரண்ட் போனாலோ ஹார்டு டிஸ்க் பழுதாக இருந்தாலோ கதை மாறிவிடும். ஆகவே பேக்கப் எடுக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோகும் இடங்கள் வேறு:

1. டாலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர். அது டாகுமென்ட்ஸுக்கு வெளியே தனி இடத்தில் இருப்பது வழக்கம். மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியால் எடுப்பது நல்லது.

2. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும்.

3. பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றின் மாடல் பெயர். விண்டோஸ் 11-க்கு அதன் டிரைவர் கிடைக்குமா என்று தயாரிப்பாளரின் தளத்தில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தமிழ் எழுத்துருக்கள். பலரும் கோட்டை விடுவது இதில்தான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த நோட்டீஸ்களும் கணக்கு அறிக்கைகளும் நம்மிடம் ஏராளம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸ் போட்டால் அந்த எழுத்துருக்களும் போய்விடும். ஃபைலைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களை முன்கூட்டியே நகலெடுத்து வைத்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

5. பிட்லாக்கர் சாவி. சில லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும். அப்கிரேடின்போது 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்டால், அந்த எண் இல்லாமல் உரிமையாளரே உள்ளே நுழைய முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். முன்பே பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். பிறகு அதைக் கழற்றித் தனியே வையுங்கள். வான்னாக்ரை போன்றவை கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஃபைலை எங்கிருந்து எடுப்பது?

பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. விண்டோஸ் 11-க்கான ஃபைலுக்கு ஒரே வாசல்தான் உண்டு. அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சொந்தத் தளம். கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், அதை அழுத்த வேண்டாம். முகவரிக் கட்டத்தில் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்று நாமே அடித்து உள்ளே போவதுதான் பாதுகாப்பு.

தகுதியுள்ள விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்குத் தனி ஃபைலே தேவைப்படாமல் போகலாம். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போனால், விண்டோஸ் 11 தயார், டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யலாம் என்று அதுவே காட்டும். அசல் விண்டோஸ் 10 உள்ளவர்களுக்கு இது இலவசம். எவருக்கும் பணமோ புதிய கீயோ தர வேண்டியதில்லை.

அங்கே காட்டாவிட்டால் தளத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்' அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் மாற்றும். 'மீடியா கிரியேஷன் டூல்' ஒரு பென் டிரைவைத் தயார் செய்து தரும். அந்தப் பென் டிரைவ் குறைந்தது 8 ஜி.பி. இருக்க வேண்டும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்ற முழு ஃபைல். அதை எடுத்து வைத்துக்கொண்டு பல கம்ப்யூட்டர்களுக்குப் பயன்படுத்தலாம்.

இந்த முழு ஃபைல் 5 ஜி.பி.க்கும் மேல் வரும். போனில் தினம் 1.5 ஜி.பி. டேட்டா உள்ளவருக்கு அது நான்கு நாள் டேட்டா. அதனால்தான் யாரோ வைத்திருக்கும் பென் டிரைவ் கை மாறி வருகிறது. அதில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கொடுப்பவருக்கே தெரியாது. பிராட்பேண்ட் உள்ள ஓர் இடத்தில் பொறுப்பான ஒருவர் ஒரே முறை சரியான வாசலிலிருந்து எடுத்து, ஒரு பென் டிரைவ் தயாரித்துப் பெயர் எழுதி வைத்தால் மஹல்லா முழுவதற்கும் அது போதும்.

தவறான வாசலில் போனால் என்ன ஆகும்? 2022 ஜனவரியில் விண்டோஸ் 11 அப்கிரேடு பரவலாகக் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த மறுநாளே, 'விண்டோஸ் அப்கிரேடட்' என்று பொருள்படும் பெயரில் ஒரு போலித் தளம் பதிவு செய்யப்பட்டது. பார்வைக்கு அசல் தளம் போலவே இருந்தது. 'டவுன்லோட் நௌ' என்ற பொத்தானை அழுத்தினால் 1.5 எம்.பி. அளவுள்ள ஒரு சுருக்கிய ஃபைல் இறங்கும். விரித்தால் 753 எம்.பி. ஆகும். பெரும்பகுதி வெறும் நிரப்பல். உள்ளே இருந்தது 'ரெட்லைன்' என்ற திருட்டு மென்பொருள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, கார்டு விவரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. எச்.பி. நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு இதை ஆராய்ந்து வெளியிட்டது.

கிராக் என்றும் ஆக்டிவேட்டர் என்றும் வருபவையும் இதே ரகம். பணம் கொடுக்காமல் விண்டோஸை அசல் போலக் காட்டும் 'கே.எம்.எஸ்.பிக்கோ' என்ற ஆக்டிவேட்டரின் பெயரில், பாஸ்வேர்டு திருடும் 'கிரிப்ட்பாட்' கலந்து பரப்பப்படுவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. பிறர் உழைப்பை விலை தராமல் எடுத்துக்கொள்வது கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு மேல் இந்த நஷ்டமும் உண்டு. கிராக் போடும் முன் ஆன்டி வைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாருங்கள் என்று ஒருவர் சொன்னால் அவர் எதற்காக வருகிறார் என்று யோசிக்க வேண்டாமா?

இறங்கிய ஃபைலைச் சரிபார்த்தல்

சரியான வாசலிலிருந்து எடுத்த ஃபைலும் பாதியில் அறுந்திருக்கலாம், கெட்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எஸ்.எச்.ஏ-256 என்ற முறை இருக்கிறது. ஒரு ஃபைலுக்கு அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும்.

ஐ.எஸ்.ஓ. எடுக்கும் பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் இந்தக் கைரேகைகளை வெளியிடுகிறது. 'செவன்-ஜிப்' என்ற இலவச மென்பொருள் கம்ப்யூட்டரில் இருந்தால், ஃபைல் மேல் வலது கிளிக் செய்து எஸ்.எச்.ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் சரி. மாறியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இது வீண் சிரமம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் என்ற புகழ்பெற்ற இயங்குதளத்தின் சொந்தத் தளத்துக்குள்ளேயே திருடர்கள் நுழைந்து, டவுன்லோட் இணைப்பைத் தங்கள் ஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. தயாரிப்பாளர்கள் உடனே எச்சரித்து, சரியான ஃபைலின் கைரேகையையும் அறிவித்தார்கள். தாங்கள் எடுத்தது அசலா போலியா என்று மக்கள் அறிந்தது அதை ஒப்பிட்டுத்தான்.

போடும் முறை

சி டிரைவில் 30 ஜி.பி.யாவது காலியாக இருப்பது நல்லது. லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். வேண்டும். மின்வெட்டு அறிவித்த நாளில் ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் சம்பளப் பட்டியல் அனுப்ப வேண்டும், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றாலும் ஆரம்பிக்காதீர்கள்.

ஐ.எஸ்.ஓ. ஃபைலை இருமுறை கிளிக் செய்து அதிலுள்ள 'செட்டப்' என்பதை இயக்கினால் சிறிது நேரத்தில் ஒரு கேள்வி வரும். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும். 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்றால் ஃபைல்களும் மென்பொருள்களும் இருக்கும். 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் ஒன்லி' என்றால் ஃபைல்கள் மட்டும் இருக்கும். 'நத்திங்' என்றால் எதுவும் இருக்காது. இந்தத் திரையில் மட்டும் அவசரப்படாதீர்கள். நின்று, வாசித்து, பிறகு அழுத்துங்கள்.

கம்ப்யூட்டர் பலமுறை அணைந்து எழும். அது இயல்புதான், பயந்து பவர் பட்டனை அழுத்த வேண்டாம். முடிந்த பிறகு பிடிக்கவில்லை அல்லது ஏதோ ஒரு மென்பொருள் வேலை செய்யவில்லை என்றால், 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' மூலம் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆகவே முதல் வாரத்திலேயே பிரிண்டர், ஸ்கேனர், டாலி, தமிழ் டைப்பிங் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஏற்காத கம்ப்யூட்டருக்கு என்ன வழி?

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடும் குறுக்கு வழிகளை யூடியூபில் காட்டுகிறார்கள். அப்படிப் போட்ட இயந்திரத்துக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு சிரமம்? அதுவே உறுதியில்லை என்றால் பயன் என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் பெறும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இது அவகாசம்தான், தீர்வு ஆகாது.

நிரந்தர வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 2 ஜி.பி. ரேம் உள்ள இயந்திரத்திலும் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. விலை இல்லை, கீ இல்லை, கிராக் தேவையே இல்லை. லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் உடனேயே வரும். தமிழ் யூனிகோடும் நன்றாக வேலை செய்யும். லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அந்த மடிக்கணினிகள் இன்று பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் துடைத்து லினக்ஸ் போட்டால், தட்டச்சு பழகவும் இணையத்தில் பாடம் படிக்கவும் ஒரு பிள்ளைக்குப் போதும். ஆனால் டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருப்பதால், போடும் முன் அப்படி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடையில் கொடுப்பவர்களுக்கு

எல்லோராலும் தாமே செய்ய முடியாது. கடையில் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. ஃபார்மட் அடித்துப் போடுவீர்களா, ஃபைல்களை வைத்துக்கொண்டே அப்கிரேடு செய்வீர்களா?

2. விண்டோஸ் ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள்?

3. ஆக்டிவேட் செய்ய என்ன பயன்படுத்துவீர்கள்? அசல் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில் உரிமம் இயந்திரத்திலேயே பதிந்திருக்கும், கிராக் எதற்கும் வேலை இல்லை.

4. வேலை முடிந்ததும் எங்கள் ஃபைல்களின் நகல் உங்களிடம் இருக்குமா?

நல்ல கடைக்காரர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். மற்றவர்களின் ஆதார் நகலும் உதவிப் பட்டியலும் உள்ள கம்ப்யூட்டர் என்றால், அவற்றை வெளி டிரைவுக்கு மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகே கடைக்கு அனுப்புங்கள்.

பாடத்தின் சுருக்கம்

தகுதி பார். பேக்கப் எடு, திறந்து பார். அசல் வாசலில் எடு. கைரேகை ஒப்பிடு. அவசரமில்லாத நாளில் போடு. பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் சோதி. இந்த வரிசை மாறாமல் இருந்தால் வேலை பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் பிறர் நம்மிடம் ஒப்படைத்த விவரம் தொலைந்தாலோ தவறான கைக்குப் போனாலோ, அவர்களிடம் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது.

இந்த வாரமே உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பேக்கப்பையும் இன்றே தொடங்கலாம், அதற்கு எந்த டவுன்லோடும் தேவையில்லை.